அரைக் கிளட்ச் சாரின் கோன் ஃபில்டர்

"வாகனத்தின் பொறுப்பாளர் அதிவேகத்தில் நாட்டமுடையவர். பந்தய நோக்கத்துடன் எஞ்சினுக்குக் காற்று செல்லும் அமைப்பை மாற்றி, பொதுச் சாலையில் பிறர் கவனத்தை ஈர்க்கும் விதமாக ஒலி எழுப்பி வந்தவர்."

வாகனச் சோதனை அலுவலகத்தின் அறிக்கை அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது. முத்திரை, தேதி, இன்ஸ்பெக்டரின் கையெழுத்து எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆள்தான் பொருந்தவில்லை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். வேக முள் நாற்பதைத் தொட்டால் அவருக்கு வியர்க்கும். சைக்கிளில் வருபவர்கள் பின்னாலிருந்து மணியடித்து அவரை ஒதுங்கச் சொன்னதுண்டு. அவரும் மரியாதையாக ஒதுங்கியிருக்கிறார். நாள் முழுக்க "அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச்" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் மாணவர்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள். நேரில் பேசும்போது கூடவே ஒரு 'சார்' போட்டுக்கொள்வார்கள். பிறர் கவனத்தை ஈர்த்தது என்று பார்த்தால், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த நாட்களைத்தான் சொல்ல வேண்டும். கடைசி ஒரு வருடத்தில் அப்படிப்பட்ட நாட்கள் அதிகமாகியிருந்தன.

காரணம் கண். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தின் நடுப்பகுதியும் சாருக்குத் தெரியவில்லை. ஓரம் தெரியும், நடு தெரியாது. எதிரில் வருபவரின் இரண்டு காதுகளையும் பார்த்துவிடுவார். இடையில் இருக்கவேண்டிய முகம் இருக்காது. லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனை உண்டு, அதில் நீங்கள் தேற வாய்ப்பே இல்லை என்றார் டாக்டர். சார் நன்றி சொல்லிவிட்டு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றோடு அவர் கார் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். ஓட்டக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை. கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில், ஆள் நடக்கும் வேகத்தில், தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். ரோட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டவர்களிடம் "அடிப்படை இன்னும் சரியில்லை" என்றார். வாரக்கணக்கில் மைதானத்தையே சுற்றியவர்கள் இதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கண் போகப்போக ஸ்கூலின் மதிப்பு ஏறியது.

ஸ்கூல் போனால் போகட்டும் என்று அவரால் விட முடிந்திருக்கும். விட முடியாதது வேறொன்று. அவர் மனைவி வீட்டின் முன் அறையில் மூன்று மிஷின் போட்டு மருத்துவமனைகளுக்கு வேண்டிய கோட்டும் படுக்கை விரிப்பும் தைப்பவர்; தெருவில் எல்லோருக்கும் தையல்காரம்மா. வெட்டிய துணி ஊருக்கு வெளியே ஒரு ஃபேக்டரியிலிருந்து வரவேண்டும். தைத்ததை வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பஸ் போகாத இடம். ஒரு தடவை மூட்டை போய்ச் சேராவிட்டால் அடுத்த வெட்டுத்துணி வேறு ஆளுக்குப் போய்விடும். கொஞ்ச நாளாக சார், லைசென்ஸ் வாங்கிவிட்ட பழைய மாணவர் யாரையாவது "கை பழகட்டும்" என்று பிடித்து அந்த வேலையை ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஸ்கூலை மூடினால் அந்த ஆட்களும் வரமாட்டார்கள். தன் லைசென்ஸ் போவதற்குள் மனைவி கைக்கு ஒன்று வந்தாக வேண்டும். வராவிட்டால் மூன்று மிஷினும் நின்றுவிடும்.

மனைவி மூன்று முறை தோற்றிருந்தார். மூன்று முறையும் ஒரே இடத்தில்: மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பும் இடத்தில். நான்காவது டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. அதிலும் தோற்றால் ஆறு மாதம் யாரும் விண்ணப்பத்தைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். டெஸ்ட் முடிந்த ஏழாம் நாள் சாரின் லைசென்ஸ் காலாவதி.

"உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே. எனக்கு எதுக்கு இப்ப இந்தப் பாடு?" என்பார் மனைவி.

"ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."

"அவசரப்படுற ஆளப் பாரு."

மைதானத்தின் ஓரத்தில் லாரிகள் ஏறி இறங்க ஒரு மண்மேடு உண்டு. அங்கேதான் தினமும் மாலை பயிற்சி.

"கிளட்ச்ச மெதுவா விடு. பாதியில வண்டி லேசா நடுங்கும். அங்க நிறுத்து."

"எங்க நடுங்குது? நான்தான் நடுங்குறேன்."

"சீட்டுல தெரியும் பாரு."

"சீட்டு கல்லு மாதிரி இருக்கு. நீங்க சொல்ற அந்த அரை எங்கதான் இருக்கு? காட்டுங்க."

"காட்ட முடியாதும்மா. அது உணர்ச்சி."

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல உங்க வாயில இந்த வார்த்தைய இன்னைக்குத்தான் கேக்குறேன். அதுவும் கிளட்ச்சுக்கு."

வண்டி உருண்டு மேட்டின் அடிக்கு வந்து நின்றது. மனைவியின் மேல் தப்பில்லை என்பது சாருக்குத் தெரியும். முன்பிருந்த பழைய கார் அரைக் கிளட்ச்சில் ஜுரம் வந்ததுபோல உதறும், மாட்டுக்கும் புரியும். மூன்று வருடம் முன்பு வாங்கிய இந்தக் காரை, "எஞ்சின் ஓடுதான்னே தெரியாது சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வண்டி. கற்றுக்கொள்பவருக்கு அதைவிடக் கெட்ட குணம் வேறில்லை.

டெஸ்டுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது ஒரு மதியம். மனைவி பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். முன் அறையில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். இடையில் இரண்டு சுவர், ஒரு தண்ணீர்க் குழாய்.

"ஊசி மழுங்கிடுச்சு பாரு, மாத்து," என்று மனைவி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரி ஊசியை எடுத்து நகத்தில் உரசிப் பார்த்தாள். மழுங்கித்தான் இருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் சார்.

"கேக்குதே. ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

சார் வெளியே போய் காரின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எஞ்சினுக்குப் போகிற காற்று ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி வழியாகப் போகிறது. உள்ளே காகித ஃபில்டர். கூடவே, காற்று இழுபடும் சத்தத்தை விழுங்குவதற்கென்றே ஒரு வெற்றுக் குடுவையை ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு கூம்பு மாதிரி ஒரு திறந்த 'கோன்' ஃபில்டரை மாட்டினால் வண்டி வாயைத் திறந்து பேசும். தெருவில் இளவட்டங்கள் அதற்குத்தான் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். மனைவிக்குத் தெரிய வேண்டியதைக் காலில் சொல்லிப் பிரயோஜனமில்லை. காதில் சொல்ல வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை மச்சினனுடையது, அதாவது மனைவியின் தம்பியுடையது.

"மாமா, இது ரேஸ் பசங்க வாங்குறது."

"தெரியும் மாப்ள."

"பவர் கூடும்னு அட்டையில போட்டிருக்கான், நம்பாதீங்க. எஞ்சின் சூட்டுக் காத்தைத்தான் இழுக்கும். தேங்குன தண்ணியில எறக்குனா தண்ணியையும் சேத்துக் குடிச்சிடும். கூடுறது சத்தம் ஒண்ணுதான்."

"சத்தம் கூடுமா? நிச்சயமா?"

"அதானே அதுல இருக்குற குறையே."

"அப்ப அதையே குடு."

குறையை மறைத்து எத்தனையோ சாமான் விற்ற கை அது. குறைக்காகவே வாங்க வந்த ஆளைப் பார்த்து அந்தக் கை கொஞ்சம் தயங்கியது.

"வீட்ல ஏதும் பிரச்சினையா மாமா? இந்த வயசுல சில பேரு முடிக்கு மை அடிப்பாங்க. நீங்க என்னடான்னா..."

"கட்டிக் குடு மாப்ள."

"டெஸ்ட் ஆபீஸ்ல பாத்தா எழுதிடுவான், சொல்லிட்டேன்."

"முப்பத்திரண்டு வருஷமா போறேன். ஒருத்தன் பானெட்டத் தொறந்ததில்ல."

"நான் வந்து மாட்டித் தர்றேன்."

"வேண்டாம், நானே மாட்டிக்கிறேன்," என்றார் சார் அவசரமாக. பக்கத்தில் நின்று ஒருவன் பார்த்தால் அவர் திருகாணியைத் தடவித் தேடுவது தெரிந்துவிடும். அது சாயங்காலத்துக்குள் அக்காவுக்கும் போய்விடும்.

மறுநாள் மதியம் வேலையைத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டார், மூடினால்தான் விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. நான்கு கிளிப், மூன்று போல்ட். பெட்டி கையோடு வந்தது. அதையும் குடுவையையும் துடைத்து டிக்கியில் வைத்தார். ஃபில்டரோடு ஒரு குழாயும் வந்திருந்தது. காற்றின் அளவை எஞ்சினுக்குச் சொல்லும் சென்சார் அந்தக் குழாயில் உட்கார வேண்டும். உட்காரவைத்து, குழாயை எஞ்சின் பக்கம் செருகி, மறுமுனையில் சிவப்புக் கூம்பை ஏற்றி, வளையங்களை முறுக்கினார். முக்கால் மணி நேரம். ஒரு திருகாணிகூடக் கீழே விழவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த இந்த ஒன்பது மாதத்தில் அவர் முழுதாகச் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, குலுங்கியது, இரண்டு முறை இருமி அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி அணைந்தது. எட்டாவது முறையில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிவது ஓரக்கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். வளையங்களை இன்னும் இறுக்கினார். அணைந்தது. டெஸ்டுக்குப் பத்து நாள். இருந்த காரையும் கெடுத்தாயிற்று. மச்சினனைக் கூப்பிட்டால் கண் விஷயம் வெளியே வரும், கூப்பிடாவிட்டால் வண்டி வெளியே வராது. காரின் முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவருக்குத் தெரியவில்லை.

மனைவி கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார்.

"வண்டி ஏன் இப்படி இருமுது? முகத்துல என்ன கறுப்பு? இது என்ன செவப்பா, தொப்பி மாதிரி?"

"ஃபில்டர். வண்டிக்கு நல்லது."

"நல்லதா இருக்கறதாலதான் கீழ உக்காந்திருக்கீங்களா?" மனைவி குனிந்து எஞ்சினைப் பார்த்தார். தையலைப் புரட்டிப் பார்க்கிற பார்வை. "இந்தக் குழாயத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

"எதை வச்சுச் சொல்ற?"

"அம்பு போட்டிருக்கே. காத்து போற பக்கம்தானே காட்டணும்? இது வெளியப் பாக்குது."

"எங்க அம்பு?"

"இதோ. உங்க விரலுக்குப் பக்கத்துல."

கறுப்புக் குழாயில் கறுப்பாகவே புடைத்திருந்த அம்பு. சார் குனிந்தார். மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். பிறகு நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டு, கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தார். மனைவி குழாயைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனிக்காமல் துணியை மாற்றித் தைத்தவளையும் கண் தெரியாமல் மாற்றித் தைத்தவளையும் பிரித்துப் பார்த்துப் பழகிய கண் அது.

"எத்தன நாளா?"

"எது எத்தன நாளா?"

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"ஒம்போது மாசம்."

"ஒம்போது மாசத்துல ஒரு பிள்ளையே பெத்துடலாம். உங்களால ஒரு வார்த்த சொல்ல முடியலையா?"

"நீ பயந்துடுவேன்னு..."

"இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டா நிக்கிறேன்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் போட்ட படம், லைசென்ஸ் தேதி, ஃபேக்டரி மூட்டை. மனைவி அழவில்லை. ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலிருந்து வாங்கி, வளையங்களைத் தளர்த்தி, குழாயைத் திருப்பி, முறுக்கினார்.

"இதுக்குத்தான் என்ன இந்த மேட்டுல போட்டு வறுத்தீங்களா?"

"வேற வழி தெரியலம்மா."

சாவியைத் திருப்பினார்கள். எஞ்சின் பிடித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் பானெட்டுக்கு அடியிலிருந்து கனமான ஒரு உறுமல் எழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன சார், ரேஸுக்குப் பேர் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு," என்றார் மனைவி. "ஓட்டுறது நான்."

மண்மேட்டில் முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. கிளட்ச்சை விட்டுக்கொண்டே வந்த மனைவி சட்டென்று காலை நிறுத்தினார்.

"இப்ப ஒரு சத்தம் எறங்குச்சே, அதுவா?"

"அதேதான்! அதேதான்!"

"நாலு மடிப்பு ஊசிக்கடியில வந்தா மிஷின் முக்குமே, அது மாதிரி. இதுதான் உங்க அரைக் கிளட்ச்சா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

முப்பத்திரண்டு வருடமாக அவருக்கே தெரியாது என்று சார் சொல்லவில்லை.

ஆனாலும் கால் உடனே காதின் பேச்சைக் கேட்டுவிடவில்லை. பத்து முறை ஏறினால் ஐந்து முறை உருண்டது. பிறகு நான்கு. டெஸ்டுக்கு முந்தின நாள் பத்தில் மூன்று. டெஸ்டில் ஏறுவது ஒரே ஒரு முறைதான், அது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். சார் அன்று சாப்பிடவில்லை. மனைவி சாப்பிட்டுவிட்டு, அவர் தட்டிலிருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டார். பயம் வந்தால் மனைவிக்குப் பசிக்கும்.

டெஸ்ட் நாளன்று இன்ஸ்பெக்டர் புதியவர். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகையால் விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்திருந்தார். கார் உள்ளே நுழைந்ததுமே காதைத் தீட்டிக்கொண்டார்.

"பானெட்டத் தொறங்க."

திறந்தார்கள். சிவப்புக் கூம்பு வெயிலில் பளிச்சென்று இருந்தது.

"இது யாரு மாட்டினது?"

"நான்தான் சார்," என்றார் சார்.

"எதுக்கு?"

"வீட்டுக்காரிக்குச் சத்தம் கேக்கணும்னு."

இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார். காரணத்துக்கு மூன்று கட்டம் இருந்தன: பழுது, வணிகம், பந்தயம். பழுது இல்லை. இதில் வியாபாரமும் இல்லை. மிஞ்சியதில் டிக் அடித்தார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

சார் படிக்கிற மாதிரி சிறிது நேரம் தாளைப் பிடித்திருந்தார். பிறகு முத்திரை விழவேண்டிய வட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, கண்ணாடி கொண்டு வரலையா?"

"கண்ணாடிக்கு அடங்காது சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். குரல் இறங்கியது. "அறிக்கைய நிறுத்த முடியாது, எழுதியாச்சு. பயிற்சியாளர் மேல அறிக்கை இருந்தா, விசாரணை முடியற வரைக்கும் அவரோட மாணவர் யாருக்கும் டெஸ்ட் கிடையாது. இன்னைக்கு வந்தது தோல்வின்னுதான் பதிவாகும்."

"ஆறு மாசம்," என்றார் மனைவி.

"ஆமாம்மா."

"சார், சார்," என்று அரைக் கிளட்ச் சார், பக்கத்தில் போட்டிருந்த இன்ஸ்பெக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல. தப்பு என்னோடது. ஏதாவது ஒரு வழி சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டினார். படித்தவர்களால் சில சமயம் உபயோகமும் உண்டு. "நீங்க லைசென்ஸ மூணாம் கவுண்டர்ல திருப்பிக் குடுத்துட்டா நீங்க பயிற்சியாளரே இல்ல. அப்ப அவங்க உங்க மாணவர் இல்ல. பழைய பெட்டிய மாட்டி வண்டியச் சரி பண்ணிட்டா தனி ஆளா டெஸ்ட் எடுக்கலாம். ஆனா குடுத்தா குடுத்ததுதான். அவங்க தோத்துட்டாலும் திரும்பக் கிடைக்காது. நான் மூணரைக்குத் தொடங்கிடுவேன். நீங்க குடுத்ததுக்கு ரசீது கைக்கு வந்தாத்தான் முடிவுல கையெழுத்துப் போடுவேன்."

மனைவி ஏற்கெனவே டிக்கியைத் திறந்து கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் மாட்டித் தர்றேன்," என்றார் சார்.

"அம்பு கிம்பு எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க கவுண்டருக்குப் போங்க."

"பெட்டி மாட்டுனா சத்தம் இருக்காதேம்மா."

"தெரியும்."

"அரைக் கிளட்ச்சுல..."

"வாய மூடிக்கிட்டுப் போங்க."

மூன்றரை மணிக்குக் கார் மேட்டுக்குப் போனது, எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியாமல். பாதியில் நின்றது. கிளப்பியபோது அணைந்தது, விதிப்படி ஒரு முறை அணையலாம். இரண்டாம் முறை மனைவி, கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத காரில், பின்கட்டிலிருந்து மிஷினைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். கால் ஓர் இடத்தில் நின்றது. கார் ஒரு விரற்கடை பின்னால் வந்தது; அதை உருண்டதாகக் கணக்கெடுக்கமாட்டார்கள். பிறகு மேலே ஏறியது.

சார் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்தாலும் பார்த்திருக்க முடியாது. கார் மேட்டின் பாதியில் நின்ற அந்த நேரத்தில், ஏறுமா உருளுமா என்று தெரியாமல், மூன்றாம் கவுண்டரில் அவர் தன் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.